பேர் சொல்லாத வேர்

நாட்டு மருந்துக் கடையில் விளக்கு வைத்த பிறகு வசம்பு என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது. ‘பேர் சொல்லாதது ஒரு துண்டு’ என்றுதான் கேட்க வேண்டும். என் அப்பத்தா பகலிலும் அப்படித்தான் சொல்வார். அதைக் காகிதத்தில் பொதிந்து தருகிற கடைக்காரரும் பெயரைச் சொல்ல மாட்டார். பிள்ளை வளர்ப்பான், பிள்ளை மருந்து, பேர் சொல்லா மருந்து என்று எத்தனையோ மாற்றுப் பெயர்கள் இருக்க, உள்ள பெயரை மட்டும் நாக்கில் எடுக்காமல் ஒரு சமூகமே பழகியிருக்கிறது. பாம்பைப் பூச்சி என்பதும், அம்மை கண்டால் ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்பதும் போலத்தான் இதுவும். அன்பும் அச்சமும் சேர்ந்த இடத்தில் நம்மவர்கள் பெயரைத் தவிர்ப்பார்கள்.

மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த விட்லா எய்ன்ஸ்லி, தென்னிந்தியக் கடைவீதிகளில் விற்ற மருந்துகளைத் தேடித் தேடிப் பதிந்தவர். அவருடைய ‘மெட்டீரியா இண்டிகா’ 1826இல் லண்டனில் அச்சானது. வசம்பைப் பற்றி அவர் தரும் செய்தி ஒன்று என்னை விட்டு அகலவில்லை. பிள்ளைகளின் வயிற்றுக் கோளாறுக்கு இந்த வேரை மக்கள் அவ்வளவு பெரிதாக மதித்தார்களாம். நள்ளிரவில் வந்து கதவைத் தட்டினாலும் எழுந்து திறந்து விற்காத மருந்துக் கடைக்காரருக்கு அபராதம் உண்டாம். இரவில் பெயரைச் சொல்லக் கூடாது. ஆனால் இரவில் இல்லையென்றும் சொல்லக் கூடாது. அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிற தாயின் அவசரம் அந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் கேட்கிறது.

அந்தத் தாய்க்கு இன்று நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம் என்பதுதான் வசம்பு குறித்த கேள்விகளில் எனக்கு முதன்மையானது. ‘பாட்டி வைத்தியம் தப்பாகாது’ என்று ஒரு தரப்பு சொல்கிறது. ‘எல்லாம் மூடநம்பிக்கை’ என்று இன்னொரு தரப்பு ஒதுக்குகிறது. இரண்டு தரப்பும் அந்த வேரைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

கையில் எடுத்தால் முதலில் தெரிவது, இது வேரே அல்ல என்பது. சேற்றுக்குள் படுத்தவாறு கணுக்கணுவாக ஓடுகிற தண்டு. பாடப்புத்தகம் மட்ட நிலத்தண்டு என்கிறது. கணுக்களுக்குக் கீழே தொங்குகிற மெல்லிய சல்லிகள்தாம் உண்மையான வேர்கள். அவற்றைக் களைந்து, துண்டாக்கி, காயவைத்துத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். செடி வாள் போன்ற இலைகளோடு கோரைப் புல்லைப் போல நிற்கும். இலையைக் கசக்கினாலும் வாசனை வரும். கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்துக் கொரட்டகெரே வட்டாரத்தில் ‘பஜே’ என்ற பெயரில் இதைப் பயிராகவே செய்கிறார்கள். நெல்லுக்கு உழுவதைப் போலச் சேறடித்து, கிழங்குத் துண்டுகளை நட்டு, தண்ணீர் நிற்கவைத்து, இலை மஞ்சளித்ததும் தோண்டுவார்கள்.

தாவரவியலார் இதை நீண்ட காலம் சேனை, சேம்பு குடும்பத்தில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வு வந்த பிறகு கதை மாறியது. ஒருவித்திலைத் தாவரங்களின் வம்சாவளியை வரைந்தால் நெல், வாழை, தென்னை, மூங்கில், மஞ்சள், வெங்காயம் எல்லாம் ஒரு கிளையில் வருகின்றன. வசம்பும் அதன் நெருங்கிய உறவுகளும் தனியே மறு கிளையில் நிற்கின்றன. அவ்வளவு பழைய பிரிவு அது.

நம் வீடுகளில் வசம்பு தனியாக நுழைவதில்லை. உரை மருந்துப் பெட்டியோடுதான் வரும். கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு, அதிமதுரம், சித்தரத்தை, இவற்றோடு வசம்பு. பிள்ளையைக் குளிப்பாட்டிய பிறகு ஒவ்வொன்றையும் உரைகல்லில் தாய்ப்பால் விட்டோ வெந்நீர் விட்டோ ஓரிரு சுற்று உரைத்து, வழித்து, விரல் நுனியால் நாக்கில் தடவுவார்கள். மற்றவற்றை அப்படியே உரைக்கலாம். வசம்பை மட்டும் சுட்ட பிறகுதான் உரைக்க வேண்டும். விளக்குச் சுடரில் காட்டி, எண்ணெய் தொட்டு மறுபடி காட்டி, மேல்புறம் கரியானதும் உரைப்பார் அப்பத்தா. வயிறு உப்பி அழுகிற பிள்ளைக்கு அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போடுவதும் உண்டு. காய்ந்த துண்டுகளைத் துளையிட்டுக் கோத்து வளையலாகக் கையில் கட்டுவதும் உண்டு. கேரளத்தில் பிறந்த பிள்ளையின் நாக்கில் பொன்னும் வயம்பும் உரைத்துத் தொட்டுவைக்கிறார்கள். இலங்கையில் சிங்கள மக்கள் இதை வதகஹ என்கிறார்கள். அவர்களுடைய நாட்டு வைத்தியத்திலும் இது பழகிய சரக்கு.

பேச்சோடு இந்த வேருக்குள்ள உறவு பழையது. சமஸ்கிருதத்தில் இதன் பெயர் வசா. பேச்சு என்ற பொருளுள்ள சொல்லோடு பிறந்த சொல். உக்கிரகந்தா என்றும் சொல்வார்கள், கடுமையான மணமுள்ளது என்று பொருள். சரக சம்கிதையிலேயே இடம் பெற்ற சரக்கு இது. ஆயுர்வேதத்தின் சாரஸ்வத சூரணத்தில் மற்ற எல்லாச் சரக்குகளையும் சேர்த்து நிறுத்த எடைக்குச் சமமாக வசம்பு மட்டும் சேர்க்கப்படுகிறது. நம் ஊர்களில் திக்கிப் பேசுகிற பிள்ளைக்கு வசம்புப் பொடியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுகிற வழக்கமும் இதே வழி வந்ததுதான்.

சித்த மருத்துவத்தின் குணபாடம் உணர்ச்சி வசப்படாமல் பேசுகிறது. சுவை கார்ப்பு, தன்மை வெப்பம். செய்கைகளாக வெப்பமுண்டாக்கி, பசித்தீத்தூண்டி, அகட்டுவாய்வகற்றி, புழுக்கொல்லி ஆகியவற்றைச் சொல்கிறது. கூடவே வாந்தியுண்டாக்கி என்ற செய்கையும் வசம்புக்கு உண்டு. வசம்பின் புகழ் பாடுகிற எவரும் இந்தக் கடைசிச் சொல்லைத் தொடுவதில்லை. வயிற்றைத் தேற்றுகிற அதே சரக்கு, அளவு கூடினால் வயிற்றைப் புரட்டும் என்பதை மரபு மறைக்கவில்லை. அது வகுப்பில் சொல்லித்தரும் பாடம்.

அளவு எவ்வளவு என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. அரசு வெளியிட்ட ஆயுர்வேத பார்மகோபியா வசம்புப் பொடிக்குத் தருகிற வேளை அளவு 60 முதல் 120 மில்லிகிராம். வாந்தி எடுக்கவைக்க வேண்டுமென்றால் 1 முதல் 2 கிராம். காய்ச்சலுக்கு நாம் போடுகிற பாரசிட்டமால் மாத்திரையில் மருந்தின் எடை 500 மில்லிகிராம். அதில் கால் பங்குகூட இல்லை வசம்பின் மேல் அளவு. இது பெரியவர்களுக்கானது. 60 கிலோ எடையுள்ளவரின் அளவை 3 கிலோ எடையுள்ள பச்சிளம் குழந்தைக்கு வெறும் எடைக் கணக்கில் இறக்கினால் 3 முதல் 6 மில்லிகிராம் வரும். வாந்தி அளவு 50 மில்லிகிராமில் தொடங்கிவிடும். இது வெறும் வகுத்தல் கணக்குதான். பச்சிளம் குழந்தையின் கல்லீரல் பெரியவர்களுடையதைப் போல மருந்தை முறித்து வெளியேற்றாது என்பதால் உண்மை நிலை இதைவிட நெருக்கடியானது. உரைகல்லில் இரண்டு சுற்றுக்கும் ஐந்து சுற்றுக்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கண் மில்லிகிராமில் அளக்கும்?

சரக்கை அப்படியே உள்ளுக்குத் தரக் கூடாது என்பதிலும் பழைய மருத்துவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். சுத்தி செய்யாத வசம்பு மருந்தாகாது. ஆயுர்வேத முறையில் கோமூத்திரத்திலும் கொட்டைக்கரந்தைக் கஷாயத்திலும் அடுத்தடுத்துக் கொதிக்கவைத்து, பிறகு ஆவியில் வேகவைக்கிறார்கள். வீட்டில் அப்பத்தா சுடரில் சுட்டது அந்தச் சுத்தியின் எளிய வடிவம். இந்தக் கிழங்கின் வீரியமெல்லாம் எளிதில் ஆவியாகிற எண்ணெயில் இருக்கிறது. கொதியிலும் நெருப்பிலும் அது ஓரளவு வெளியேறுகிறது.

ஆய்வுக்கூடம் அந்த எண்ணெயைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. 1950களின் கடைசியில் பி.சி. தண்டியாவும் உடனிருந்தவர்களும் வசம்பெண்ணெயை எலிகளில் சோதித்தார்கள். தூக்க மருந்து கொடுத்த எலிகள் இந்த எண்ணெயும் சேர்ந்தால் இன்னும் நீண்ட நேரம் தூங்கின. அழுகிற பிள்ளை வசம்பு தடவியதும் அசந்து தூங்குகிறது என்று பாட்டிமார் சொல்வதற்கு இது ஒரு விளக்கம். 2006இல் கராச்சி ஆய்வாளர்கள், முயலின் குடல் துண்டில் வசம்புச் சாறு இழுப்பைத் தளர்த்துவதையும், அது தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுப்பதால் நிகழ்கிறது என்பதையும் காட்டினார்கள். வயிற்றுப் பிடிப்புக்கு இது கேட்கும் என்ற நம்பிக்கை காற்றில் பிறந்ததில்லை. இதை நான் தயக்கமின்றிச் சொல்வேன்: மரபு கவனித்தது சரி. குடலிலும் நரம்பிலும் இந்த வேர் உண்மையிலேயே வேலை செய்கிறது.

வேலை செய்கிற பொருளிடம்தான் நாம் பயப்படவும் வேண்டும். எண்ணெயில் மிகுதியாக உள்ள பொருளின் பெயர் பீட்டா அசரோன். 1967இல் ஜம்மு வசம்பிலிருந்து எடுத்த எண்ணெயை எலிகளின் தீனியில் கலந்து இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் முன்சிறுகுடலில் புற்றுக் கட்டிகள் தோன்றின. அடுத்த ஆண்டே, 1968இல், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வசம்பையும் அதன் சாற்றையும் எண்ணெயையும் உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஐரோப்பா 1988இல் உணவிலும் பானத்திலும் பீட்டா அசரோன் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. மதுவகைகளுக்கு 1 மில்லிகிராம் வரை விட்டுக்கொடுத்தது. அங்கே சில கசப்பு மதுக்களில் வசம்பு பழைய வாசனைச் சரக்கு. கல்லீரல் இந்தப் பொருளை உடைக்கும்போது உருவாகும் இடைப்பொருள் மரபணு இழையில் ஒட்டிக்கொள்வதுதான் பிரச்சினையின் வேர் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன.

இந்த இடத்தில் வசம்பை நேசிப்பவர்கள் ஒரு மறுப்பை எழுப்புவார்கள், அது நியாயமானதும்கூட. ‘எலிக்கு நாள்தோறும் எண்ணெயைப் பிழிந்து கொடுத்தால் எதுதான் கெடுதல் செய்யாது? நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகத் தின்று வளரவில்லையா? அமெரிக்கப் பூர்வகுடிகள் இதே வேரை வாயில் அடக்கி மெல்லவில்லையா?’ மெல்லத்தான் செய்தார்கள். கிரீ முதலான பூர்வகுடி மக்கள் தொண்டை கட்டினாலும் பல் வலித்தாலும் நெடுந்தூரம் நடந்தாலும் இந்த வகைக் கிழங்கை வாயில் வைத்துக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் மென்றது நம் வசம்பு அல்ல.

வசம்பின் குரோமோசோம்கள் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டப்பட்டவை. வட அமெரிக்காவில் இயல்பாக வளர்வது இரண்டு கட்டு, அதாவது 24 குரோமோசோம்கள் கொண்ட இருமடியம். அதன் எண்ணெயில் பீட்டா அசரோன் இல்லை. இன்று அதைத் தனிச் சிற்றினமாகவே பிரித்துவிட்டார்கள். ஐரோப்பாவில் வளர்வது 36 கொண்ட மும்மடியம். அதில் பீட்டா அசரோன் உண்டு, ஆனால் எண்ணெயில் சிறு பங்கு. ஆசியாவில் பரவலாகக் கிடைக்கிற 48 கொண்ட நான்மடியத்தில் எண்ணெயின் முக்கால் பங்குக்கு மேலேயே பீட்டா அசரோன் இருக்கலாம். ஒரே மணம், ஒரே இலை, ஒரே பழக்கம். உள்ளே இருப்பது மட்டும் வேறு. ‘உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள்’ என்ற வாதம் மற்ற மூலிகைகளுக்கு ஓரளவு பொருந்தலாம். வசம்புக்குப் பொருந்தாது.

ஐரோப்பிய மும்மடியத்தின் கதை சுவையானது. மூன்று கட்டு குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாததால் அது விதை கட்டாது. துருக்கியிலிருந்து வந்த கிழங்கை 1574இல் வியன்னாவில் கரோலஸ் குளூசியஸ் என்ற தாவரவியலார் வளர்த்தார். அங்கிருந்து மனிதக் கைகளும் ஆற்று நீரும் துண்டு துண்டாகக் கொண்டுபோனதில்தான் அது கண்டமெங்கும் பரவியது. போலந்தில் பெந்தகோஸ்து நாளில் அதன் இலைகளை வீட்டில் பரப்புகிறார்கள். மிதிபடும்போது வாசனை எழும். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1860இல் ஒரு கவிதைத் தொகுதிக்கு இதன் லத்தீன் பெயரையே வைத்தார்.

இனி குழந்தைகளிடம் திரும்புவோம். ஸ்வீடனில் 2003க்கும் 2006க்கும் இடையில் போதை கிடைக்கும் என்று நம்பி இந்தக் கிழங்கைத் தின்ற 30 பேரின் நிலையை நச்சுத் தகவல் மைய ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். போதைக்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தது குமட்டலும் நிற்காத வாந்தியும். குணபாடம் சொன்ன வாந்தியுண்டாக்கி அங்கே தன் வேலையைச் செய்திருக்கிறது. வளர்ந்தவர்கள், தங்கள் விருப்பத்தில் தின்றவர்கள். வாந்தி எடுத்துவிட்டு வீடு திரும்பினார்கள். இருபது நாள் பிள்ளைக்கு அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தென்னிந்தியக் குழந்தை மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் பதிந்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வாந்தி, பால் குடிக்க மறுத்தல், கண் சொருகிய மயக்கம். நேற்று வரை நன்றாக இருந்த பிள்ளை இப்படி வந்தால் மருத்துவர் ரத்தத்தில் கிருமி பரவியதா, மூளைக்காய்ச்சலா, குடல் அடைப்பா என்று சந்தேகப்பட்டுத்தான் ஆக வேண்டும். ஊசி, முதுகுத் தண்டுவட நீர்ப் பரிசோதனை என்று பிள்ளை படாத பாடு படும். உரை மருந்து கொடுத்ததை வீட்டார் சொல்வதில்லை. திட்டுவார்களோ என்ற பயம் ஒரு பாதி. ‘அது மருந்தே இல்லையே, எல்லாரும் கொடுப்பதுதானே’ என்ற நினைப்பு மறுபாதி. பேர் சொல்லா மருந்து மருத்துவமனையிலும் பேர் சொல்லாமலே இருந்துவிடுகிறது. இதை வாசிக்கிறவர்கள் மற்றதை மறந்தாலும், இந்த ஓரிடத்தில் மட்டும் பெயரை உரக்கச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாட்டிமார் கொடுத்தபோது ஆகாதது இப்போது ஏன் ஆகிறது என்ற கேள்வி வரும். அப்போதும் ஆகியிருக்கும். பிறந்த பிள்ளைகளில் பலர் முதல் வயதைத் தாண்டாத காலத்தில் வாந்தியில் போன பிள்ளையை மாந்தம் கொண்டுபோயிற்று என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் இன்னொன்றும் நடந்திருக்கிறது. சுட்டுக் கரியாக்கி, ஒரே ஒரு சுற்று உரைத்து, விரல் நுனியில் தொட்டுவைத்த கை இப்போது பல வீடுகளில் இல்லை. அதன் இடத்தில் பொட்டலம் வந்திருக்கிறது. சுடாமல் அரைத்த பொடி, எல்லாச் சரக்கும் கலந்த உரை மருந்து மாவு, அளவுக்குக் கரண்டி. விளக்குச் சுடரின் முன் உட்கார்ந்திருந்த அந்த ஐந்து நிமிடப் பொறுமைதான் மருந்தின் பாதுகாப்பாக இருந்தது. பொடி விற்கிறவர்கள் பாட்டியின் படத்தை அட்டையில் போட்டுக்கொள்கிறார்கள், பாட்டி செய்த சுத்தியை விட்டுவிட்டார்கள். மரபை இப்படி விற்பதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

நம் நாட்டுச் சட்டத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளில், உணவுக்குச் சுவையூட்டச் சேர்க்கக் கூடாதவை என்ற பட்டியலில் பீட்டா அசரோனும் இருக்கிறது. மிட்டாயில் வாசனைக்குச் சேர்க்கக் கூடாது என்று நாமே விலக்கிய பொருள், மிட்டாய் தின்னும் வயதுகூட வராத பிள்ளையின் நாக்குக்கு மருந்தென்ற பெயரில் போகிறது.

அப்படியானால் வயிறு பிடித்து அழுகிற பிள்ளைக்கு என்ன செய்வது? உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது. பச்சிளம் குழந்தைகளின் காரணமில்லாத மாலை நேர அழுகை பிறந்த இரண்டு மூன்று வாரங்களில் தொடங்கி, ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களில் தானே அடங்கிவிடும். வசம்பு கொடுத்தாலும் அடங்கும், கொடுக்காவிட்டாலும் அடங்கும். கொடுத்த வீட்டில் அந்தப் பெருமை வசம்புக்குப் போகிறது. திக்குவாய்க்கும் இதே கதைதான். சின்ன வயதில் திக்குகிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அது தானாகவே சரியாகிறது. அவர்களின் நாக்கில் ஒரு காலத்தில் வசம்பு தடவப்பட்டிருந்தால் ஊர் அதைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேனோடு தருவதில் தனி ஆபத்தும் உண்டு. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதுக் குடலில் வளர்ந்து நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும்.

கை வளையலை வெளிப்பூச்சைப் போல நினைத்து விட்டுவிட எனக்கும் ஆசைதான். ஆனால் மூன்று மாதப் பிள்ளை கையை எங்கே கொண்டுபோகும்? வாய்க்குத்தான். எச்சிலில் ஊறிய வசம்பு மணி நாள் முழுக்க உள்ளே சாறு விடும். நூல் அறுந்தால் மணி தொண்டையில் சிக்கும். தொப்புளைச் சுற்றிப் போடும் கரிப் பற்றைப் பற்றி இவ்வளவு கவலை எனக்கில்லை, தொப்புள் புண் ஆறிய பிறகு, கையைக் கழுவிவிட்டுப் போட்டால். அந்தக் கை பிள்ளையின் வயிற்றை வட்டமாகத் தடவிக்கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதற்கு வசம்பு வேண்டுமென்பதில்லை.

பெரியவர்கள் சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் முறையாகப் பார்த்து, சுத்தி செய்த சரக்கை, நூல் சொல்லும் அளவில், சில நாட்களுக்கு எடுப்பது வேறு விஷயம். அதை நான் இதே தட்டில் வைக்க மாட்டேன். ஆண்டுக்கணக்கில் ஞாபக சக்திக்கு என்று எடுப்பதும், கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் தொடுவதும் கூடாது என்பது என் தீர்மானம். ‘எந்த விஷத்தையும் முறிக்கும்’ என்று வசம்பைக் கொடுத்துக்கொண்டு பாம்புக்கடிக்கும் பூச்சிமருந்துக்கும் நேரத்தை இழப்பது உயிரை இழப்பதில் முடியும்.

வசம்பின் பெருமை வேறிடங்களில் நிற்கிறது. 1977இல் ஜம்மு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். வசம்பெண்ணெயின் பொருள் பூச்சிகளைக் கொல்வதோடு நிற்காமல் அவற்றின் சூலகத்தையே முடக்கி மலடாக்குகிறது என்பது அது. எலிகளின் குடலைக் கெடுத்த அதே பீட்டா அசரோன்தான். பயறுப் பானையில் ஒரு துண்டு வசம்பு போட்டுவைத்த பெண்களுக்கு அந்தப் பொருளின் பெயர் தெரியாது, ஆனால் வண்டு பெருகாது என்பது தெரியும். இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் இன்றும் வசம்புத் தூளை விதை நேர்த்திக்கும் பூச்சி விரட்டிக்கும் கேட்டு வாங்குகிறார்கள்.

பயறைக் காத்ததைவிடப் பெரிய காவல் ஒன்றையும் அது செய்தது. பழைய திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் சுவடி படிக்கும் முன்பு எழுத்து தெரிவதற்காக மை பூசுவார்கள். அதை மையாடல் என்று சொல்வதை உ.வே.சாமிநாதையர் தம் ‘என் சரித்திர’த்தில் விவரிக்கிறார். மஞ்சளும் ஊமத்தை இலைச் சாறும் கரியும் சேர்ந்த அந்தக் கூட்டில் வசம்பும் உண்டு. கீறல்களில் கருமை ஏறும், கூடவே பூச்சி அண்டாது. தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, இலவங்கம், பட்டை இவற்றைப் பொடித்துக் கர்ப்பூரம் சேர்த்துத் துணி முடிச்சுகளாகக் கட்டிச் சுவடிகளுக்கிடையில் வைப்பது தொன்றுதொட்டு வந்த முறை. வாசனை குறைந்தால் முடிச்சை மாற்றுவார்கள். வசம்பைப் பற்றிச் சொல்கிற மருத்துவச் சுவடிகளுக்கும் அப்படி வசம்புதான் காவல் இருந்திருக்கும். அளவும் சுத்தியும் எழுதிய அந்த ஓலைகள் பூச்சி தின்னாமல் நம் கைக்கு வந்துசேர்ந்திருக்கின்றன.

அப்பத்தாவின் உரைகல் இப்போது என்னிடம் இருக்கிறது. நடுவில் குழி விழுந்த கருங்கல். எங்கள் வீட்டில் அடுத்து ஒரு பிள்ளை பிறக்கும்போது அதை எடுத்துக் கழுவி வைப்பார்கள், எனக்குத் தெரியும். சந்தனம் உரைத்துத் தரச் சொல்லுவேன். வசம்பை அரிசிப் பானையில் போட்டிருக்கிறேன்.